ஸ்பானிஷ் சொற்களுக்கு ஃபிளாஷ் கார்டு: பின்பக்கம் தமிழில் இருக்கட்டும்

ஸ்பானிஷ் கற்க ஆரம்பித்த முதல் மாதம் 300 கார்டு எழுதினேன். முன்பக்கம் ஸ்பானிஷ், பின்பக்கம் ஆங்கிலம். கார்டைப் பார்த்தால் விடை டக்கென்று வந்துவிடும். ஆனால் யாராவது ஸ்பானிஷில் பேசினால், காதில் விழுந்த சொல் முதலில் ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து தமிழுக்கு வந்து எனக்குப் புரிவதற்குள் அவர் இரண்டு வாக்கியம் தாண்டிப் போயிருப்பார். தஞ்சாவூரிலிருந்து திருச்சிக்குச் சென்னை வழியாகப் போன கதைதான். 300 கார்டையும் ஓரங்கட்டிவிட்டு, பின்பக்கத்தைத் தமிழிலும் படத்திலும் புதிதாக எழுதினேன். அந்த இரண்டாவது சுற்றில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

ஒரு குறிப்பு. கட்டுரையில் ஸ்பானிஷ் சொற்களின் உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். உங்கள் கார்டில் அப்படி எழுதாதீர்கள், ஸ்பானிஷ் எழுத்திலேயே எழுதுங்கள். 'தீயா' என்றால் நாள். 'தீயோ' என்றால் மாமா. முதல் சொல்லில் வருவது 'தயவு' என்று சொல்லும்போது வரும் மெல்லிய த. இரண்டாவதில் 'தலை'யில் வரும் வல்லோசை. தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து. அதனால் தமிழில் எழுதிப் படித்தால் இந்த வேறுபாடு கடைசிவரை நாக்கில் ஏறாது. ஸ்பானிஷில் எழுத்துக்கும் ஒலிக்கும் ஒழுங்கான தொடர்பு உண்டு. இரண்டு நாள் உட்கார்ந்தால் வாசிக்க வந்துவிடும்.

படி 1: கார்டும் பெட்டியும்

நோட்டுத் தாள் வேண்டாம். எழுதியது பின்பக்கம் தெரியும், விடை கண்ணில் பட்டுவிடும். சார்ட் அட்டை வாங்கி, உள்ளங்கைக்குள் அடங்கும் அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம். வீட்டில் பழைய கல்யாணப் பத்திரிகைகள் இருந்தால் இன்னும் நல்லது. அட்டை கனமாக இருக்கும், பாதிப் பத்திரிகைகளில் ஒரு பக்கம் வெறுமையாகவே இருக்கும். இன்னொரு பக்கத்தில் மணமக்கள் பெயர் தங்க எழுத்தில் மின்னினால் மேலே ஒரு வெள்ளைத் தாளை ஒட்டிக்கொள்ளுங்கள்.

ஒரு இனிப்புப் பெட்டி, அதை ஐந்து அறையாகத் தடுக்க நான்கு அட்டைத் துண்டு, நீலம், சிவப்பு, கறுப்பு என மூன்று பேனா, இரண்டு ரப்பர் பேண்ட். அவ்வளவுதான் செலவு.

படி 2: எந்தச் சொற்களை எடுப்பது

பாடப் புத்தகங்கள் நிறங்கள் பத்து, பழங்கள் பத்து, உடல் உறுப்புகள் பத்து என்று கட்டுக் கட்டாகக் கொடுக்கும். பார்க்க ஒழுங்காக இருக்கும், மனதில் நிற்காது. ஒரே வகைச் சொற்களை ஒரே நாளில் படித்தால் அவை ஒன்றோடொன்று குழம்பும் என்பதை 1990-களிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். என் அனுபவமும் அதுதான். 'அமரீயோ' மஞ்சளா பழுப்பா என்று மூன்று வாரம் திண்டாடினேன். அது மஞ்சள். பழுப்பு 'மர்ரோன்'. இரண்டையும் ஒரே மாலையில் எழுதியதுதான் தவறு. இன்று ஒரு நிறம், ஒரு வினைச்சொல், ஒரு சமையல் பாத்திரம், ஒரு இணைப்புச் சொல் என்று கலந்து எடுங்கள்.

சொற்களை எங்கிருந்து எடுப்பது? அடிக்கடி வரும் சொற்களின் பட்டியல் இணையத்தில் நிறையக் கிடைக்கும். முதல் 500 சொற்களுக்கு அது போதும். அதற்கப்புறம் பட்டியலை விட்டுவிட்டு, நீங்கள் கேட்ட பாட்டு, பார்த்த தொடர், படித்த செய்தி ஆகியவற்றிலிருந்து எடுங்கள். எங்கே சந்தித்தோம் என்று நினைவிருக்கும் சொல் பாதி மனப்பாடமான மாதிரி.

ஆங்கிலம் தெரிந்தவர்கள் சில சொற்களுக்குக் கார்டு எழுதவே வேண்டியதில்லை. 'நசியோன்', 'இன்ஃபொர்மசியோன்', 'உனிவெர்சிதாத்' போன்றவை பார்த்தவுடனே புரியும். அவற்றுக்குக் கார்டு போடுவது அட்டைக்குக் கேடு.

அதே ஆங்கிலம் காலையும் வாரும். 'எக்ஸித்தோ' என்றால் வெளியேறும் வழி என்றுதான் நானும் நினைத்தேன். அதன் பொருள் வெற்றி. வெளியேறும் வழி 'சலீதா'. 'ரோப்பா' கயிறு இல்லை, துணிமணி. 'கார்ப்பேத்தா' கம்பளம் இல்லை, காகிதங்கள் வைக்கும் ஃபோல்டர். 'லிப்ரெரீயா' நூலகம் இல்லை, புத்தகக் கடை. 'எம்பராசாதா' என்பதை வெட்கப்படுவதற்கான சொல் என்று நினைத்துப் பேசிவிடாதீர்கள், அதற்குக் கர்ப்பிணி என்று பொருள். இப்படிப்பட்ட சொற்களுக்குக் கட்டாயம் கார்டு வேண்டும். நான் மூலையில் சிவப்புப் புள்ளி வைத்துவிடுவேன்.

படி 3: நம் வீட்டிலேயே இருக்கும் சொற்கள்

தொடக்க உற்சாகத்துக்கு ஒரு வழி இருக்கிறது. 16-ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறைக்கும் நாகப்பட்டினத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் வந்த போர்த்துகீசியர் தமிழில் கொஞ்சம் சொற்களை விட்டுவிட்டுப் போனார்கள். போர்த்துகீசியமும் ஸ்பானிஷும் லத்தீன் பெற்ற சகோதரிகள். ஆகவே நம் மேசை அங்கே 'மேசா', அலமாரி 'அர்மாரியோ', துவாலை 'தொவாயா', பொத்தான் 'பொத்தோன்', சாவி 'யாவே'. இலங்கைத் தமிழர்களுக்கு இன்னும் கூடுதல் யோகம். பாண் அங்கே 'பான்', சப்பாத்து 'ஸப்பாத்தோ', குசினி 'கொசினா'. முதல் நாள் இந்த எட்டுச் சொல்லையும் எழுதுங்கள். எட்டும் ஒரே வாரத்தில் பெட்டியின் கடைசி அறைப் பக்கம் (நன்றாகத் தெரிந்த கார்டுகளின் இடம், படி 7-ல் வரும்) ஓடத் தொடங்கிவிடும்.

எல்லாம் இப்படிப் பொருந்தாது. சன்னலும் போர்த்துகீசியத்திலிருந்து வந்ததுதான், ஆனால் ஸ்பானிஷில் அது 'வெந்தானா'. காற்றுக்கு 'வியெந்தோ'. காற்று வரும் வழி என்று நினைத்துக்கொண்டால் வெந்தானா மறக்காது.

படி 4: முன்பக்கம்

பெயர்ச்சொல்லைத் தனியாக எழுதவே கூடாது. மேசை நமக்கு அஃறிணை, அத்தோடு முடிந்தது. ஸ்பானிஷில் அது பெண்பால், புத்தகம் ஆண்பால். ஆண்பாலுக்கு முன்னால் 'எல்', பெண்பாலுக்கு முன்னால் 'லா' வரும். 'லா மேசா', 'எல் லிப்ரோ' என்று சேர்த்தே எழுதுங்கள், சேர்த்தே சொல்லுங்கள். எல் என்றால் நீல மை, லா என்றால் சிவப்பு மை. மூன்று மாதம் கழித்து ஒரு சொல்லின் பால் மறந்தாலும், 'சிவப்பாக இருந்ததே' என்று கண் ஞாபகப்படுத்தும்.

ஆ என்று முடிந்தால் பெண்பால், ஓ என்று முடிந்தால் ஆண்பால் என்பது பொதுவிதி. விதியை மீறும் பிரபலங்களைத் தனித்தனிக் கார்டில் பிடித்துவையுங்கள்: எல் தீயா (நாள்), எல் ப்ரொப்லேமா, எல் மாப்பா (வரைபடம்), லா மானோ (கை). லா ஃபோத்தோ (புகைப்படம்), லா மோத்தோ (மோட்டார் சைக்கிள்) இரண்டும் நீளமான பெண்பால் சொற்களின் சுருக்கம், அதனால் ஓவில் முடிந்தும் லா. தண்ணீர் இன்னொரு வில்லங்கம். அகுவா பெண்பால்தான். ஆனால் அழுத்தமான அகரத்தில் தொடங்குவதால் ஒருமையில் 'எல் அகுவா' என்பார்கள். அதை 'எல் அகுவா ஃப்ரீயா' என்று எழுதிவைத்தேன், குளிர்ந்த தண்ணீர். ஃப்ரீயாவின் கடைசி ஆ பெண்பாலைக் காட்டிக்கொடுக்கும்.

வினைச்சொல் என்றால் மூலவடிவத்தோடு 'நான்' வடிவத்தையும் எழுதுங்கள். 'தெனேர்' (வைத்திருப்பது) என்று மட்டும் படித்தவருக்கு, பேசும்போது 'தெங்கோ' (வைத்திருக்கிறேன்) வராது. முழு விகுதி அட்டவணையையும் ஒரே கார்டில் திணிப்பது வீண். ஒரு கார்டு, ஒரு கேள்வி.

படி 5: பின்பக்கம்

இதற்காகத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன். கண்ணால் பார்க்கக்கூடிய பொருள் என்றால் படம் வரையுங்கள், கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. நான் வரைந்த குதிரையை நாய் என்று வீட்டில் எல்லாரும் சொன்னார்கள். அந்தச் சிரிப்பினாலேயே 'கபாயோ' இன்றுவரை மறக்கவில்லை. படம் வரைய முடியாததற்குத் தமிழ். ஆங்கிலம் வேண்டாம் என்று ஏன் அடம்பிடிக்கிறேன் என்றால், ஸ்பானிஷ் வாக்கியம் பல இடங்களில் ஆங்கிலத்தைவிடத் தமிழுக்கு நெருக்கமாக நிற்கிறது.

'மே குஸ்தா எல் கஃபே.' ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்களுக்கு இது தலைகீழ் வாக்கியம். நான் காபியை விரும்புகிறேன் என்று தொடங்கி, காபி எனக்கு இன்பம் தருகிறது என்று திருப்பிப் போட்டுப் புரிந்துகொள்கிறார்கள். நமக்கென்ன? எனக்குக் காபி பிடிக்கும். 'மே' என்றால் எனக்கு. முடிந்தது. 'மே துவேலே லா கபேசா', எனக்குத் தலை வலிக்கிறது. இதுவும் அப்படியே. இந்த வகை வினைகளை 'எனக்கு' என்று தொடங்கும் தமிழ் வாக்கியமாகப் பின்பக்கம் எழுதினால் இலக்கணப் பாடமே தேவையில்லை.

நீ, நீங்கள் என்ற வேறுபாட்டையும் ஆங்கிலம் ஒரே சொல்லில் விழுங்கிவிடும். ஸ்பானிஷில் 'தூ' நீ, 'உஸ்தேத்' மரியாதைக்கான நீங்கள். பலபேரை அழைக்க லத்தீன் அமெரிக்காவில் 'உஸ்தேதெஸ்'.

அப்புறம் 'சேர்', 'எஸ்தார்' என்ற இரண்டு வினைகள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒன்றே. தமிழில் 'நான் ஆசிரியர்' என்னும்போது வினையே வராது, அங்கே ஸ்பானிஷ் சேர் போடும்: 'சோய் ப்ரொஃபெசோர்'. 'களைப்பாக இருக்கிறேன்', 'வீட்டில் இருக்கிறேன்' என்று 'இரு' வந்தால் பெரும்பாலும் எஸ்தார்: 'எஸ்தோய் கன்சாதோ', 'எஸ்தோய் என் காசா'. நூற்றுக்கு நூறு பொருந்தாது, 'உயரமாக இருக்கிறார்' என்பதற்கு சேர்தான். ஆனாலும் கார்டில் தமிழ் இருந்தால் பாதித் தூரம் அதுவே கொண்டுபோய் விட்டுவிடும்.

தமிழ் உதவாத இடங்களும் உண்டு. 'எர்மானோ' அண்ணனா தம்பியா என்று ஸ்பானிஷ் கவலைப்படுவதில்லை. தீயோ என்றால் மாமா, சித்தப்பா, பெரியப்பா எல்லாரும்தான். ஸ்பெயின் இளைஞர்கள் நண்பனையும் தீயோ என்பார்கள், நம் மச்சான் மாதிரி. 'தெரியும்' என்ற ஒரு தமிழ்ச் சொல்லை அவர்கள் இரண்டாகப் பிரிக்கிறார்கள்: விஷயம் தெரிந்தால் 'சபேர்', ஆளோ ஊரோ தெரிந்தால் 'கொனொசேர்'. மீனும் அப்படியே. நீந்தினால் 'பேஸ்', தட்டுக்கு வந்தால் 'பெஸ்காதோ'. இங்கெல்லாம் ஒற்றைச் சொல்லை எழுதாமல் ஒரு சின்ன வாக்கியமோ படமோ போடுங்கள். என் பெஸ்காதோ கார்டில் வறுத்த மீனும் எலுமிச்சைத் துண்டும் இருக்கும்.

படி 6: திருப்புவதற்கு முன்

கார்டை எடுங்கள். விடையை வாய்விட்டுச் சொல்லுங்கள். அதன்பிறகு திருப்புங்கள். இந்த வரிசையைக் காப்பாற்றுவதுதான் கஷ்டம். கை தானாகத் திருப்பிவிடும், 'ஆமாம், இது தெரியும்' என்று மனம் சமாதானம் சொல்லும். பார்த்தால் தெரிவது வேறு, பார்க்காமல் சொல்ல வருவது வேறு.

ஜெஃப்ரி கார்ப்பிக், ஹென்றி ரோடிகர் என்ற இரு உளவியலாளர்கள் 2008-ல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களுக்கு 40 சுவாஹிலிச் சொற்களைக் கற்பித்தார்கள். ஒருமுறை சரியாகச் சொன்ன சொல்லை அதற்குமேல் கேட்காமல் விட்ட குழுக்கள், ஒரு வாரம் கழித்து மூன்றில் ஒரு பங்கு அளவே நினைவில் வைத்திருந்தன. சரியாகச் சொன்ன பிறகும் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட குழுக்கள் 80 சதவீதம் அளவுக்குச் சொன்னார்கள். திரும்பத் திரும்பப் படிப்பது அவ்வளவாக உதவவில்லை. கேள்வி கேட்கப்படுவதே உதவியது. கார்டும் கேள்வி கேட்கும் கருவிதான்.

சொல்லும்போது ஒலியைக் கவனியுங்கள். 'பெரோ' என்பதற்கு 'ஆனால்' என்று பொருள், 'பெர்ரோ' என்றால் நாய். ர ஒருமுறை தட்டுவதற்கும் உருட்டுவதற்கும் உள்ள வேறுபாடு நம் நாக்குக்குப் புதிதல்ல. ஞகரமும் நம்மிடம் உண்டு. வயதைச் சொல்லும்போது 'ஆஞோஸ்' என்று அந்த ஞகரத்தை அழுத்திச் சொல்லுங்கள். அது வெறும் 'ன' ஆனால் ஆண்டு ஆசனவாயாகிவிடும்.

படி 7: ஐந்து அறைப் பெட்டி

படித்தது எவ்வளவு வேகமாகக் கழன்று போகிறது என்பதை ஜெர்மனியின் ஹெர்மன் எபிங்ஹாஸ் தன்னையே சோதனை எலியாக்கி அளந்து 1885-ல் வெளியிட்டார். மறக்கப் போகும் நேரத்தில் மீண்டும் பார்த்தால் அடுத்தமுறை மறக்க இன்னும் நாளாகும். அதை அட்டைப் பெட்டியில் அடக்கிப் பரவலாக்கியவர் செபாஸ்டியன் லைட்னர். 1972-ல் ஜெர்மன் மொழியில் அவர் எழுதிய நூல் வழியாகப் பரவியதுதான் இந்தப் பெட்டி. நாள் கணக்கை மட்டும் என் வசதிக்கு மாற்றிக்கொண்டேன்.

புதிய கார்டு எல்லாம் முதல் அறையில், தினமும் பார்க்க வேண்டும். இரண்டாம் அறை திங்கள், புதன், வெள்ளி. மூன்றாம் அறை ஞாயிறு. நான்காம் அறை மாதம் இருமுறை. ஐந்தாம் அறை மாதம் ஒருமுறை. சரியாகச் சொன்னால் கார்டு அடுத்த அறைக்கு நகரும். தவறினால் எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்குத் திரும்ப வேண்டும். ஐந்தாம் அறையிலிருந்து விழுவது வலிக்கும், விட்டுக்கொடுக்காதீர்கள்.

முதல் இரண்டு அறையில் ஸ்பானிஷைப் பார்த்துப் பொருள் சொல்லுங்கள். மூன்றாம் அறையிலிருந்து கட்டைக் கவிழ்த்து, தமிழையோ படத்தையோ பார்த்து ஸ்பானிஷ் சொல்லுங்கள். இதில்தான் பேச்சு வரும், இதில்தான் கார்டுகள் சரியும்.

ஒரு நாளைக்கு எத்தனை புதிய கார்டு? எட்டு. கணக்கு இதுதான்: தவறே இல்லாவிட்டாலும் ஒவ்வொரு கார்டும் ஐந்து அறையையும் தாண்டி வெளியேறுவதற்குள் ஐந்துமுறை கேட்கப்படும். தினம் எட்டு சேர்த்தால் சராசரி 40 கார்டு ஒரு நாளைக்கு. தவறுகளோடு சேர்த்து 55, 60 ஆகும். ஒரு கார்டுக்கு ஏழெட்டு நொடி என்றால் பத்து நிமிடத்துக்குள் முடியும். முதல் வாரத்தில் 'இவ்வளவு சுலபமா' என்று 25 ஆக்கினால் மூன்றாவது மாதம் பெட்டி உங்களைத் துரத்தும். நான்காம் அறை இரண்டு வாரத்தில் நிரம்பி வழியும். அதை ஒரே நாளில் முடிக்காமல் நாலைந்து நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

படி 8: அடம்பிடிக்கும் கார்டு

சில கார்டுகள் முதல் அறையைவிட்டு நகரவே நகராது. எனக்கு 'யா' என்ற இரண்டெழுத்துக் குட்டிச்சொல். பின்பக்கம் 'ஏற்கெனவே' என்று எழுதியிருந்தேன். ஆறு வாரம் தினமும் பார்த்தேன், பேச்சில் ஒருமுறைகூட வரவில்லை. காரணம், நான் தமிழிலேயே ஏற்கெனவே என்று பேசுவதில்லை. ஒருநாள் கார்டைக் கிழித்துப்போட்டுவிட்டு வேறு எழுதினேன். ஒரு பக்கம் 'யா கொமீ', மறுபக்கம் 'சாப்பிட்டாச்சு'. அவ்வளவுதான், அந்த 'ஆச்சு'தான் யா. அடுத்த கார்டு 'தொதவீயா நோ', இன்னும் இல்லை. இரண்டும் ஜோடியாக மூன்று வாரத்தில் நான்காம் அறைக்குப் போய்விட்டன.

ஒரு கார்டு எட்டுமுறை தவறினால் கார்டில்தான் கோளாறு. வாக்கியத்தை மாற்றுங்கள், படம் சேருங்கள், குழப்பும் இன்னொரு கார்டை ஒரு மாதம் வெளியே எடுத்துவையுங்கள்.

படி 9: ஃபோனில் செய்வதானால்

ஆங்கி என்ற செயலி இதே வேலையைத் தானே கணக்குப் போட்டுச் செய்யும். டேமியன் எல்ம்ஸ் 2006-ல் வெளியிட்டது, ஜப்பானிய மொழியில் அந்தச் சொல்லுக்கு மனப்பாடம் என்று பொருள். கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐஃபோனில் காசு. ஒலியைச் சேர்க்கலாம் என்பது அட்டையால் முடியாத பெரிய வசதி.

அதில் ஆயிரக்கணக்கான கார்டுகள் தயாராகவே கிடைக்கும். பெரும்பாலும் ஆங்கிலப் பின்பக்கம் கொண்டவை, அடுத்தவர் தேர்ந்தெடுத்த சொற்கள். எழுதும்போதே பாதிச் சொல் மனதில் பதிகிறது, இறக்கிக்கொண்டால் அந்தப் பாதி போய்விடும். நான் முதல் 500 சொல்லைக் கையால் எழுதிவிட்டு, அப்புறம்தான் ஆங்கிக்கு மாறினேன். அங்கேயும் என் கார்டுகளை நானே தட்டச்சு செய்கிறேன்.

விட்டுப்போனால்

காய்ச்சல், ஊர்ப் பயணம், அலுவலக நெருக்கடி என்று ஏதாவது வந்து மூன்று வாரம் பெட்டியைத் திறக்காமல் இருந்துவிடுவீர்கள். திறந்தால் 250 கார்டு வரிசையில் நிற்கும். அவற்றை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடிக்க உட்கார்ந்தால், திங்கட்கிழமை பெட்டி பரணுக்குப் போய்விடும். புதிய கார்டை முழுக்க நிறுத்துங்கள். ஒவ்வொன்றின் மூலையிலும் அதன் அறை எண்ணைக் குறித்துவிட்டு, மொத்தத்தையும் குலுக்கி ரப்பர் பேண்ட் போட்டு, தினம் 40 மட்டும் மேலிருந்து எடுங்கள். சரியானவை இருந்த அறைக்கே திரும்பட்டும், தவறியவை முதல் அறைக்கு. ஒரு வாரத்தில் கட்டு தீரும். எட்டாம் நாள் புதிய கார்டு மூன்று போடுங்கள், எட்டு வேண்டாம்.